பழைய கமராவும் வணிகரின் வாக்கும்

பொருள்களுட் சில நாட்பட நாட்பட மதிப்பிழக்கின்றன. சில நாட்பட நாட்பட மதிப்புப் பெறுகின்றன. நமது வீட்டு அலுமாரிகளின் மேற்றட்டிலே, தோலுறைக்குள் அடங்கி, பல்லாண்டுகளாக எவர் கையும் படாமற் கிடக்கும் பழைய கமரா இவ்விரு வகைகளுள் எதனைச் சேர்ந்தது? பாட்டனார் கொழும்பில் வாங்கியது என்றும், மாமனார் சிங்கப்பூரிலிருந்து கொணர்ந்தது என்றும் குடும்பத்தார் பெருமையுடன் சொல்லுவர். ஆயின், அஃது இன்று வேலை செய்யுமா, அதன் விலை சில நூறு ரூபாவா, பல்லாயிரம் ரூபாவா என்பதைச் சொல்ல வல்லவர் வீட்டில் ஒருவரும் இரார்.

இவ்வினாவிற்கு விடை கூறுவதையே தொழிலாகக் கொண்டோர் உலகின் பல நகரங்களிலே இருக்கின்றனர். தோக்கியோ, இலண்டன் முதலிய இடங்களிலே பழைய கமராக்களையும் வில்லைகளையும் ஒளிமானிகளையும் வாங்கி, துடைத்து, திருத்தி விற்கும் சிறு கடைகள் உள. கடையே இன்றி, வீட்டின் ஓர் அறையில் இருந்தபடி இணையத்தின் வழியாக இவ்வணிகத்தை நடத்துவோரும் பலர். ஒரு மேசை, ஒரு நல்ல விளக்கு, நுண்ணிய திருப்புளிகள் சில, பூட்டக்கூடிய ஓர் அலுமாரி, இவற்றோடு பல்லாண்டு அனுபவம். இவ்வளவே அவர்களது முதல். பௌதிகமும் இரசாயனமும் வரலாறும் கணக்கும் அறநெறியும் ஒருங்கே வந்து கூடும் சிறுதொழில்கள் மிகச் சில. அவற்றுள் இஃது ஒன்றாதலின், இதன் உட்கூறுகளை வாசகர்க்கு, சிறப்பாக மாணாக்கருக்கு, எடுத்துக் கூறுதல் பயனுடையது எனக் கருதுகின்றோம்.

சரக்கு வந்த வழி

நெல்லும் துணியும் ஆண்டுதோறும் புதிதாக உண்டாகின்றன. பழைய கமரா வணிகரின் சரக்கோ என்றோ உண்டாகி முடிந்துவிட்டது. அவர் கையில் வரும் ஒவ்வொன்றும் புகைப்படக் கலையின் வரலாற்றிலே ஒவ்வோர் ஏடு. அவ்வரலாற்றை அறியாதவர் இத்தொழிலில் ஓராண்டும் நிலைத்திருத்தல் அரிது.

1839ஆம் ஆண்டிலே டகேர் என்னும் பிரெஞ்சுக்காரரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட காலத்தில், படம் பிடித்தல் என்பது இரசாயனம் கற்ற சிலருக்கே உரிய வித்தையாக இருந்தது. அதனைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஜோர்ஜ் ஈஸ்ட்மன். 1888இல் அவர் வெளியிட்ட ‘கொடக்’ கமரா 25 டொலர் விலையுடையது. நூறு படங்களுக்குரிய சுருளுடனே விற்கப்பட்டது. நூறும் எடுத்து முடிந்தபின் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட, அவர்கள் படங்களைக் கழுவி, புதிய சுருளை இட்டுத் திருப்பி அனுப்புவர். 1900இல் வந்த ‘பிரவுணி’ என்னும் அட்டைப் பெட்டிக் கமராவின் விலை ஒரே ஒரு டொலர். பள்ளிப் பிள்ளைகளும் படம் பிடிக்கத் தொடங்கினர்.

ஜேர்மனியில் வெட்ஸ்லார் என்னும் ஊரிலே நுணுக்குக்காட்டி செய்துவந்த லைட்ஸ் நிறுவனத்தில் ஒஸ்கார் பர்னாக் என்னும் பொறியியலாளர் இருந்தார். சினிமாவுக்குரிய 35 மில்லிமீற்றர் படச்சுருளைச் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு கமராவில் இடலாம் என்பது அவர் கண்ட வழி. அக்கமராவே 1925இல் லைப்சிக் சந்தையில் வெளிவந்த ‘லைக்கா’. 1929இல் மேலும் கீழுமாக இரண்டு வில்லைகளையுடைய ‘றொலிபிளெக்ஸ்’ வந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் யப்பானியர் முன்னணிக்கு வந்தனர். 1959இல் நிக்கோன் ‘எவ்’, 1967 முதல் 1984 வரை பெருந்தொகையாக விற்பனையான ஒலிம்பஸ் ‘றிப் 35’, 1976இல் கனோன் ‘ஏ.ஈ. 1’ என வரிசையாக வந்தவை இன்றும் இவ்வணிகரின் தட்டுகளை நிரப்புகின்றன.

பின்னர் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. 1975இல் கொடக் நிறுவனத்தின் பொறியியலாளராகிய ஸ்ரீவன் சசோன் படச்சுருள் வேண்டாத முதலாவது இலத்திரனியற் கமராவைச் செய்தார். அங்கே முளைத்த வித்தே மரமாகி அந்நிறுவனத்தின் சுவரைப் பிளந்தது எனலாம். 2008இல் உடனடிப் படங்களுக்குரிய தாள் உற்பத்தியை நிறுத்துவதாகப் பொலரொயிட் நிறுவனம் அறிவித்தது. 2009இல் ‘கொடக்குரோம்’ சுருளின் உற்பத்தி முடிவுற்றது. 2012 ஜனவரியில் கொடக் நிறுவனமே கடன் தீர்க்க இயலாது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. அக்காலத்திலே பழைய கமராக்களைப் பலர் ஏறக்குறைய இனாமாகவே கொடுத்தொழித்தனர்.

ஆனால், கைத்தொலைபேசியிலே ஒரு நாளில் இருநூறு படம் எடுத்து, அவற்றுள் ஒன்றையேனும் மீண்டும் பாராத தலைமுறையினருட் சிலருக்கு, முப்பத்தாறே படங்கள் உள்ள சுருளின் மீது ஆசை பிறந்தது. எண்ணி எடுக்கவேண்டும், கழுவும் வரை காத்திருக்கவேண்டும், எடுத்த படம் கையில் இருக்கும். இந்த விருப்பம் பெருகவே, 2018இல் ‘எக்ராகுரோம்’ சுருளைக் கொடக் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2022இல் தன் பழைய ‘எம் 6’ கமராவை லைக்கா மீண்டும் செய்தது. 2024இல் ‘பென்டக்ஸ் 17’ என்னும் புதிய சுருட்கமரா வெளிவந்தது. எனினும், இவ்வாறு புதிதாக வருவன விரல்விட்டு எண்ணத்தக்கன. ஆகவே, சுருட்கமரா வேண்டுவோருட் பெரும்பாலார் பழையவற்றையே நாடுகின்றனர். வணிகருக்கு இங்கே இடம் உண்டாகின்றது.

பழமை மட்டும் விலையாகாது

பொதுமக்களிடையே ஒரு மயக்கம் உண்டு. நூறாண்டு பழமையான கமரா பெருவிலை பெறும் என்பதே அது. 2022இல் நடந்த ஓர் ஏலத்திலே, விற்பனைக்கு முன் சோதனைக்காக 1923ஆம் ஆண்டளவிற் செய்யப்பட்ட சில லைக்காக்களுள் ஒன்று, பர்னாக் அவர்கள் தாமே பயன்படுத்திய 105ஆம் இலக்கக் கமரா, ஒரு கோடியே நாற்பத்து நான்கு இலட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. இச்செய்தியைப் படித்தவர் தம் வீட்டுப் பிரவுணியையும் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவது இயல்பே. ஆனால், அப்பெட்டிக் கமராக்கள் மிகப் பெருந்தொகையாகச் செய்யப்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை இன்றும் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன.

விலையை நிர்ணயிப்பவை நான்கு: எத்தனை செய்யப்பட்டன என்பது, செய்தவர் பெயர், இன்றைய நிலை, அதற்குரிய படச்சுருள் இன்றும் கிடைக்கின்றதா என்பது. நான்காவதனைப் பலரும் மறந்துவிடுவர். 120 என்னும் அளவுடைய சுருள் 1901இல் தோன்றி இன்றும் செய்யப்படுகின்றது. ஆதலால் எழுபதாண்டு பழமையான றொலிபிளெக்ஸில் இன்றும் படம் எடுக்கலாம். 620 என்பது அதே அகலமுள்ள சுருளே. சுற்றப்பட்டிருக்கும் கட்டை மட்டும் மெல்லியது. அதனைக் கொடக் 1995இல் நிறுத்திவிட்டது. பழைய மெல்லிய கட்டையைப் பாதுகாத்து வைத்திருப்பவர், இருட்டறையிலே 120 சுருளை அதன்மீது மாற்றிச் சுற்றிப் பயன்படுத்தலாம். பழைய 620 கமராவுக்குள் வெறுங்கட்டை ஒன்று இருந்தால் நல்ல வணிகர் அதனை எறிந்துவிடமாட்டார். வாங்குபவரிடம் அதன் பயனைச் சொல்லியே கொடுப்பார். அக்கட்டையின்றி அக்கமரா அலுமாரிக்கு அழகு சேர்க்கும் பொம்மையே.

கண்ணுக்குப் புலனாகாதவை

மாம்பழம் வாங்குபவர் முகர்ந்து பார்க்கலாம்; துணி வாங்குபவர் தடவிப் பார்க்கலாம். பழைய கமரா வாங்குபவருக்கோ வெளித்தோற்றம் மட்டுமே தெரியும். அதன் நன்மை தீமை எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஆதலால் ஒரு கமரா கைக்கு வந்ததும் வணிகர் செய்யும் சோதனைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, ஷட்டர் எனப்படும் திரை. ஒளி எவ்வளவு நேரம் உட்புகவேண்டும் என்பதை இதுவே அளந்து விடுகின்றது. மணிக்கூட்டிற்கு உள்ளவை போன்ற நுண்ணிய பற்சில்லுகள் இதனை இயக்குகின்றன. நாற்பது ஐம்பது ஆண்டுகளிலே அவற்றின் எண்ணெய் பிசினாகி விடுகின்றது. எனவே, ஒரு செக்கன் என்று குறித்தால் திரை இரண்டு செக்கன் திறந்திருக்கும். அல்லது பாதிவழியில் நின்றுவிடும். செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் மிகு வேகத்திலோ, திரையின் இரு பகுதிகளும் ஒத்து ஓடாமையால் படத்தின் ஒருபுறம் இருண்டு போகும். முன்னாளில் காதைக் கிட்ட வைத்து ஒலியைக் கேட்டே குறை கண்ட திருத்துநர் இருந்தனர். இந்நாளிற் கைத்தொலைபேசியோடு இணைக்கும் சிறிய ஒளியுணர் கருவியினால் வேகத்தைத் திட்டமாக அளந்து அட்டையில் எழுதிவிடலாம். துணித்திரையாயின் அதில் ஊசித்துளைகள் உளவா என்பதையும், மடிக்கும் துருத்தியாயின் மடிப்பு முனைகள் வெடித்துள்ளனவா என்பதையும் இருட்டறையில் உள்ளே மின்சூள் ஏற்றிப் பார்ப்பர்.

இரண்டாவது, வில்லை. எம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டினருக்கு இதுவே பெருஞ் சோதனை. காற்றிலே ஈரம் மிகுந்திருக்க, வெளிச்சமும் காற்றோட்டமும் இன்றிக் கிடக்கும் வில்லையின் உட்புறத்திற் பூஞ்சணம் பிடிக்கின்றது. மின்சூளின் ஒளியைப் பக்கவாட்டாகச் செலுத்திப் பார்த்தால், சிலந்தி நூல் போலப் படர்ந்திருப்பது தெரியும். தொடக்கத்திலே கண்டால் வில்லையைக் கழற்றித் துடைத்துவிடலாம். நாட்பட்டதாயின் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துத் தழும்பு செய்துவிடும், அத்தழும்பு நீங்காது. ஈரம் காக்கும் தோலுறையே பூஞ்சணத்திற்கு உவப்பான வீடு என்பதைப் பலர் அறியார். கமராவைப் பத்திரமாக உறையிலிட்டுப் பூட்டி வைத்தவர் அதனைக் கெடுத்தவராகின்றார்; அவ்வப்போது வெளியே எடுத்துப் பயன்படுத்தியவர் அதனைக் காத்தவராகின்றார். உறையை நீக்கி, சிலிக்கா ஜெல் இட்ட இறுக்கமான பெட்டியிலே, காற்றின் ஈரப்பதன் நாற்பது முதல் ஐம்பது வீதம் வரை இருக்குமாறு வைத்தல் நன்று.

வில்லை மஞ்சளித்திருத்தல் வேறொரு குறை. ஒளியை மிகுதியாக வளைக்கவல்ல கண்ணாடியைப் பெறுவதற்காக முற்காலத்தில் தோரியம் என்னும் கதிர்வீசும் மூலகத்தைச் சேர்த்துச் சில வில்லைகள் செய்யப்பட்டன. பென்டக்ஸ் கமராவுக்குரிய 50 மில்லிமீற்றர் ‘சூப்பர் டக்குமார்’ வில்லைகளுட் சில அத்தகையன. அக்கதிர்வீச்சினால் கண்ணாடி ஆண்டுகள் செல்லச் செல்லத் தேநீர் நிறம் பெறும். சூரிய ஒளியில் உள்ள ஊதா கடந்த கதிர்களில் நாட்கணக்காக வைத்தால் நிறம் பெரிதும் தெளியும். ஆனால் வில்லை சூரிய ஒளியைக் குவித்துத் தீ மூட்டவும் வல்லது. ஆகவே காவலின்றி வைக்கலாகாது. இவ்வகை வில்லையைக் கமராவில் இட்டுப் பயன்படுத்துவதாற் கவலைக்கு இடமில்லை எனினும், கண்ணாடியை உடைக்கவோ உரைக்கவோ கூடாது. இவ்வுண்மையையும் வாங்குபவருக்குச் சொல்வதே முறை.

மூன்றாவது, ஒளிமானி. செலீனியம் என்னும் மூலகம் கொண்ட பழைய ஒளிமானிகளுக்குப் பற்றரி தேவையில்லை. ஆயின் அவை ஆண்டுகள் செல்ல வலுவிழக்கும். 1960களிலும் 1970களிலும் வந்த பல கமராக்களுக்கு 1.35 வோல்ற்று அளவுடைய பாதரசப் பற்றரி வேண்டும். பாதரசம் நஞ்சாதலின் அப்பற்றரிகளின் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டது. அதே வடிவில் இன்று கிடைப்பது 1.5 வோல்ற்று. அதனை இட்டால் முள் அசையும். வணிகரும் “ஒளிமானி வேலை செய்கின்றது” என்று கூறிவிடலாம். ஆனால் பல கமராக்களில் அம்முள் உள்ள ஒளியிலும் மிகுதியாகக் காட்டும். அதை நம்பி எடுத்த படங்கள் இருண்டு போகும். காது கேட்கும் கருவிக்குரிய சிறு பற்றரி ஏறக்குறைய 1.4 வோல்ற்று அளவினதாதலால், அதனைச் சிறு வளையமிட்டுப் பொருத்துவது அனுபவசாலிகள் கண்ட உபாயம்.

நான்காவதாக, பின்கதவின் விளிம்பிலே ஒளி புகாது தடுக்கும் நுரை றப்பர். இது நாட்பட்டுத் தார்போல் உருகி ஒட்டும். புதியதை வெட்டி ஒட்டுதல் அரை மணி வேலை, செலவும் சொற்பம். ஆனால் இதனைக் கவனியாது விட்டால் சுருள் முழுவதும் ஒளிக்கீற்று விழுந்து கெடும்.

போலிகள்

எங்கே பெருவிலை உண்டோ அங்கே போலியும் உண்டு. லைக்காவைப் பின்பற்றிச் சோவியத் நாட்டிலே 1934 முதல் ‘பெட்’ என்னும் கமராவும், 1948 முதல் ‘சோர்க்கி’ என்னும் கமராவும் செய்யப்பட்டன. பெட் கமரா பிறந்த இடம் கார்க்கிவ் நகரிலே ஆதரவற்ற பிள்ளைகளுக்கென அமைந்த குடியிருப்பு. கல்வியாளர் மக்காரென்கோ 1927 முதல் 1935 வரை அதனை நடத்தினார். தெருவில் அலைந்த பிள்ளைகள் நுண்ணிய கருவிகளைச் செய்யப் பழகிய கதை ஆசிரியர் யாவரும் எண்ணத்தக்கது. அக்கமராக்கள் தம் பெயரோடு நிற்கும்வரை மதிப்புடைய பொருள்களே. பிற்காலத்திற் சிலர் அப்பெயரைச் சுரண்டி ‘லைக்கா’ எனப் பொறித்து, பொன் முலாம் பூசி, போர்க்காலச் சின்னங்களையும் இட்டு விற்றனர்.

அறிந்தவர் இதனை எளிதிற் காண்பர். வில்லையைக் கழற்றினால், தூரத்தை அளக்கும் உறுப்போடு இணைந்த சிறு நெம்பு ஒன்று உள்ளே தெரியும். அதன் நுனி லைக்காவில் உருளும் சில்லாக இருக்கும். பெட், சோர்க்கி கமராக்களில் ஆப்பு வடிவான திண்மத் துண்டாக இருக்கும். மேலே எத்தனை பொன் பூசினாலும் அந்நுனி உண்மையைச் சொல்லிவிடும். நேர்மையான வணிகர் இத்தகைய கமராவை விற்கவும் செய்வார். ஆனால் “சோவியத் கமரா, பிற்காலப் பொறிப்பு” என்று அட்டையில் எழுதியே விற்பார்.

கணக்கும் மனச்சாட்சியும்

இனி, மாணாக்கர் தாமே போட்டுப் பார்க்கத்தக்க ஒரு கணக்கைத் தருவோம். இஃது உதாரணத்திற்காக நாம் அமைத்தது. ஒருவர் பத்துக் கமராக்களை ஒருசேர வாங்குகின்றார். கொடுத்த விலை நூறு பங்கு எனக் கொள்வோம். சோதித்துப் பார்க்கையில் மூன்று நன்றாக இயங்குகின்றன, நான்கு திருத்தத்தக்கன, மூன்று உதிரிப்பாகங்களுக்கே உதவுவன. நல்ல மூன்றும் தலைக்கு 30 வீதம் 90 பெறும். திருத்திய நான்கும் தலைக்கு 25 வீதம் 100 பெறும். உதிரிக்குரிய மூன்றும் 15 பெறும். ஆக வரவு 205. செலவோ, வாங்கிய விலை 100, நான்கையும் திருத்தும் கூலி 40, பொதி செய்தலும் தபாலும் 20, திரும்பி வரக்கூடியவற்றிற்காக ஒதுக்கி வைப்பது 15, ஆக 175. மிச்சம் 30. பல வார உழைப்பின் ஊதியம் அது.

திருத்த மனமின்றி, “இவை பழுதுற்றவை” என்று உள்ளதைச் சொல்லி அந்நான்கையும் தலைக்கு 10 வீதம் விற்றால் வரவு 145, செலவு 135, மிச்சம் 10. மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. திருத்தாமலே மேற்புறத்தை மட்டும் மினுக்கி, “நன்றாக இயங்குகின்றது” என்று எழுதித் திருத்தியவற்றின் விலைக்கே விற்றுவிடலாம். அப்பொழுது மிச்சம் 70. ஒரே ஒரு பொய், முப்பதை எழுபதாக்கிவிடுகின்றது! வாங்குபவர் தொலைவில் உள்ளார். சுருளை இட்டு, எடுத்து, கழுவிப் பார்ப்பதற்குள் மாதம் ஒன்று கழிந்துவிடும். தாமே பிழையாக எடுத்தோமோ என்று தம்மையே ஐயுறுவார். இத்தொழிலிலே பொய் சொல்வது அவ்வளவு எளிது; அகப்படாமல் இருப்பதும் எளிது.

ஆகவேதான் இவ்வணிகத்தின் உயிர்நாடி வணிகரின் வாக்கு என்கின்றோம். நடுவுநிலைமையைப் பற்றிப் பாடவந்த திருவள்ளுவர், அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளை வணிகருக்கே உரியதாக்கினார். துலாக்கோல் பிடிப்பவனை எவரும் பார்த்திராத பொழுதிலும் அவன் கை கோணாதிருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் நம் முன்னோர்க்குப் புதிதன்று. பழைய கமரா வணிகர் நாள்தோறும் பிடிப்பது அத்தகைய துலாக்கோலே.

அவ்வாக்குச் சோதனைக்குள்ளாகும் இடம் விளம்பர அட்டை. “பரிசோதிக்கப்படவில்லை” என்று விற்பனைப் பட்டியல்களில் அடிக்கடி காணும் ஒரு தொடர் உண்டு. சோதிக்க அறியாத வீட்டுக்காரர் எழுதினால் அஃது உண்மை. பத்தாண்டு அனுபவமுள்ள வணிகர் எழுதினாலோ, பெரும்பாலும் “சோதித்தேன், இயங்கவில்லை” என்பதன் மறுபெயராகவே கொள்ளவேண்டும். “வயதிற்கேற்ற நிலை” என்பதும் அவ்வாறே ஒன்றையும் சொல்லாத சொல். நல்ல அட்டை இவ்வாறு இருக்கும்: “ஒரு செக்கன் வேகம் தாமதமாகின்றது; ஏனையவை சரி. முன்வில்லையின் ஓரத்தில் பூஞ்சணத் தழும்பு, படத்திற் தெரியாது. ஒளிமானி இயங்காது. நுரை றப்பர் புதிது. ஒரு சுருள் எடுத்துப் பார்க்கப்பட்டது.” குறைகளை இவ்வாறு வரிசையாகச் சொல்லும் வணிகரிடமே வாடிக்கையாளர் மீண்டும் மீண்டும் வருகின்றனர் என்பதை இத்தொழிலில் நிலைத்தவர்கள் அறிவர்.

உள்ளே இருந்த சுருள்

பழைய கமராவைத் திறப்பவருக்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. சில வேளைகளில், எடுத்து முடித்தும் கழுவப்படாத சுருள் உள்ளேயே இருக்கும். ஒளிபட்ட சுருளிலே படம் கண்ணுக்குத் தெரியாது உறங்கிக் கிடக்கின்றது. கறுப்பு வெள்ளைச் சுருளாயின் பல பத்தாண்டுகள் கழிந்தும் மங்கலான உருவங்களை மீட்டுவிடல் கூடும். நிறச்சுருளையும் கறுப்பு வெள்ளையாகக் கழுவி ஏதேனும் மீட்கலாம். ஆதலால், கமராவின் பின்கதவைத் திறக்குமுன் சுருள் சுற்றும் குமிழை மெல்லத் திருப்பிப் பார்ப்பது நல்ல வழக்கம். இறுக்கமாக இருந்தால் உள்ளே சுருள் உண்டு, இருட்டிலேயே திறக்கவேண்டும்.

அமெரிக்காவிலே சிக்காகோ நகரில் குழந்தைகளைப் பராமரிக்கும் பணியாளாக இருந்த விவியன் மையர் என்னும் பெண்மணியின் கதை இங்கு நினைக்கத்தக்கது. வாடகை கட்டாமையால் அவருடைய பெட்டிகள் 2007இல் ஏலமிடப்பட்டன. ஓர் இளைஞர் சுமார் 400 டொலருக்கு வாங்கிய பெட்டியிலே ஆயிரக்கணக்கான நெகட்டிவுகள் இருந்தன. றொலிபிளெக்ஸ் கமராவினால் தெருமாந்தரை அவர் எடுத்தவை அவை. மொத்தம் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவுகளும், கழுவப்படாத சுருள்கள் பலவும் அவருடையனவாகக் கிடைத்தன. 2009இல் அவர் இறந்த பின்னரே உலகம் அவரைச் சிறந்த புகைப்படக் கலைஞராகப் போற்றியது. பின்னர் அப்படங்களின் உரிமை எவருடையது என்ற வழக்கும் எழுந்தது. கமராவை வாங்கியவருக்கு உள்ளே இருந்த படமும் சொந்தமா? பொருளை வாங்கலாம், படத்தில் உள்ள முகங்களை எவரும் விற்கவில்லை என்பதே எம் கருத்து. சுருளைக் கழுவி, உரிய குடும்பத்தாரைத் தேடிக் கொடுக்க முயலும் வணிகர் மேன்மக்கள்.

எம் மக்களுக்கு இஃது ஏட்டுச் செய்தி மாத்திரமன்று. போரினாலும் இடப்பெயர்வுகளினாலும், சிறப்பாக 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு மக்கள் ஒருசேர வெளியேறியபோது, குடும்பப் படங்களை இழந்த வீடுகள் எத்தனை! திருமணப் படம் ஒன்றேனும் எஞ்சாதவர் பலர். அத்தகைய குடும்பமொன்றின் பழைய கமராவுக்குள் ஒரு சுருள் இருக்குமாயின், பாட்டியாரின் முகம் உலகில் எஞ்சியிருக்கும் இடம் அதுவாகவே இருக்கலாம். அதனை வெளிச்சத்தில் அவசரமாகத் திறந்துவிடும் கை எதை அழிக்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

திருத்துநர் எங்கே?

இவ்வணிகத்தின் எதிர்காலம் வாங்குவோரை விடத் திருத்துவோரையே பெரிதும் சார்ந்துள்ளது. பழைய கமராக்களின் உள்ளமைப்பை அறிந்த தொழிலாளர் பலர் முதுமையடைந்துவிட்டனர்; பலர் மறைந்தும் விட்டனர். உதிரிப்பாகங்களும் புதிதாகச் செய்யப்படுவதில்லை. ஆதலால் ஒரு கமராவை வாழவைக்க இன்னொன்றைப் பிரிக்கவேண்டியிருக்கின்றது. மேலே கணக்கிற் கண்ட அந்த மூன்று பயனற்ற கமராக்களும் உண்மையில் திருத்துநரின் பொக்கிஷங்கள்.

கொழும்பிலே 1890இல் தொடங்கிய பிளாதே நிறுவனம் முதல், லயனல் வென்ற் (1900-1944) என்னும் பெருங்கலைஞர் ஈறாக, புகைப்படக் கலை நம் நாட்டில் நெடிய வரலாறுடையது. அவ்வழியில் வந்த கருவிகள் பல வீடுகளில் இன்றும் உறங்குகின்றன. கைத்திறனும் பொறுமையும் உள்ள இளைஞர் ஒருவர், இயங்காத மலிவான கமரா ஒன்றைப் பிரித்து, ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிய வரிசையிலே ஒட்டுத்தாளில் ஒட்டி, கைத்தொலைபேசியாற் படிப்படியாகப் படம் எடுத்து, மீண்டும் பூட்டிப் பழகுவாராயின், ஒளியியல், பற்சில்லுப் பொறிமுறை, மின்சுற்று யாவற்றையும் கையாலேயே கற்றுவிடுவார். அதன்பின் வணிகம் வேண்டுமாயின் சிறிதாகத் தொடங்கலாம். ஒருவகைக் கமராவை முற்றக் கற்ற பின்னரே அடுத்ததற்குச் செல்லலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அலுமாரியின் மேற்றட்டில் உள்ள கமராவை இன்றே இறக்குங்கள். பின்கதவைத் திறவாது, குமிழை மெல்லத் திருப்பிப் பாருங்கள். சுருள் இல்லையெனத் தெரிந்தால், தோலுறையை நீக்கி, வில்லையின் ஊடாக மின்சூளின் ஒளியைச் செலுத்திப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். விற்பதாயின், அறிந்த குறைகளை எல்லாம் எழுதி விற்றல் வேண்டும். விற்காது வைத்திருப்பதாயின் ஒரு சுருளை இட்டு, வீட்டில் உள்ள முதியவரின் படத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.